தில்லிக் குளிருக்கு அலமாரியை மாற்றுவது எப்படி

தில்லியில் தீபாவளி முடிந்த கையோடு கம்பளித் துணி மொத்தத்தையும் இறக்கிவிடாதீர்கள். நவம்பரில் காலையும் ராத்திரியும்தான் குளிரும், பகலில் அரைக்கைச் சட்டையே போதும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரும் மெல்லிய சால்வையும் இருந்தால் அந்த மாதம் ஓடிவிடும். கனத்த கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் டிசம்பர் பாதிக்கு மேல்தான் வேண்டியிருக்கும். இரண்டு தவணையாகப் பிரித்துக்கொண்டால் வீடு முழுக்கத் துணிக்குவியலாகக் கிடக்காது, நிதானமாக ரசித்தும் செய்யலாம்.

முதலில் வெயில் காட்ட வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஆறேழு மாதம் அடைந்து கிடந்த துணியில் பாச்சை உருண்டை வாடை ஏறியிருக்கும், அப்படியே போட்டுக்கொண்டால் தலையை வலிக்கும். புகைமூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, பதினொரு மணி வாக்கில் மொட்டை மாடியில் பழைய விரிப்பைப் போட்டு எல்லாவற்றையும் பரப்புங்கள். அடர்ந்த நிறங்களை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் வெளுக்காது. எடுக்கும்போது நன்றாக உதறி, காலர் மடிப்பு, அக்குள், பாக்கெட்டின் உள்பக்கம் என்று ஒவ்வொன்றையும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். கம்பளியைத் தின்பது பறக்கிற அந்துப்பூச்சி இல்லை, அதன் புழுதான். வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடமென்றால் அதற்குக் கொண்டாட்டம். ஹோலி முடிந்து திரும்ப உள்ளே வைக்கும்போது துவைத்துக் காயவைத்துத்தான் வைக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

துவைப்பதற்குப் பச்சைத் தண்ணீரும் கம்பளிக்கென்று விற்கிற திரவ சோப்பும் போதும். முறுக்கிப் பிழியாதீர்கள், கொடியிலும் தொங்கவிடாதீர்கள், ஈரக் கனத்தில் ஸ்வெட்டர் முழங்கால்வரை நீண்டுவிடும். துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, தரையில் பரப்பிக் காயவையுங்கள். ரஜாயில், அதாவது பஞ்சு அடைத்த போர்வையில், பஞ்சு கட்டி கட்டியாக இருந்தால், பஞ்சு கொட்டுகிறவரிடம் டிசம்பர் நெரிசலுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவது நல்லது.

உடுத்துவதைப் பொறுத்தவரை, உடம்போடு ஒட்டினாற்போல ஒரு தெர்மல், மேலே கம்பளி, வெளியே போனால் காற்றுப் புகாத ஜாக்கெட், அவ்வளவுதான். அடுக்குகளுக்கு நடுவே நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது, ஆகவே இறுக்கமான இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டுவதில் பெரிய பலன் இல்லை. தில்லி வீடுகளில் பெரும்பாலும் சூடாக்கும் வசதி கிடையாது, ஜனவரியில் பகல் வெயிலில் வெளியே நிற்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகம் நடுங்கும். காலுறையை வீட்டு உடுப்பாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை பட்டுப்புடவைகளை வெளியே எடுப்பது. சென்னையில் வைகாசிக் கல்யாணத்தில் காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு மண்டபத்தில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்தவர்கள், அதே புடவையை இங்கே டிசம்பரில் ஒருமுறை கட்டிப் பாருங்கள், அந்தக் கனம் அப்படியே கதகதப்பாகிவிடும். ரவிக்கைக்குப் பதில் புடவை நிறத்துக்குப் பொருந்துகிற ஹைநெக் ஒன்று, பாவாடைக்கு உள்ளே தெர்மல், தோளில் சால்வை. சால்வை மட்டும் ஒரே நிறமாக இருக்கட்டும், ஜரிகைக்குப் போட்டியாகப் பூவேலை வேண்டாம். மார்கழி விடியலில் ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல உடுப்பு எனக்குத் தோன்றவில்லை.

புதிதாக வாங்குவதென்றால் காஷ்மீரி கேட் பக்கம் இருக்கிற மானஸ்ட்ரி மார்க்கெட்டும் சரோஜினி நகரும் இருக்கின்றன, ஆனால் இருப்பதையெல்லாம் போட்டுப் பார்த்த பிறகு போங்கள். குழந்தைகளுக்குத்தான் வருஷா வருஷம் கை குட்டையாகும். அப்படிச் சின்னதான ஸ்வெட்டர்களையும், யாரும் தொடாத பெரியவர்கள் கோட்டையும் துவைத்து, பட்டன் தைத்து, தெருக்கோடியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற காவலாளி வீட்டுக்கு நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள், ஜனவரிவரை வைத்திருந்தால் பாதிக் குளிர்காலம் போயிருக்கும்.