ரெண்டும் ரெண்டும் நாலுன்னு கிரேல கணக்கு போடாதீங்க

இந்த மாசம் ரேடியோதெரபிக்கு ஒரு பையன் ட்ரெய்னிங் வந்தான், மூணாவது வாரமே நான் அந்தக் காலத்துல பண்ண அதே தப்பை அச்சு மாறாம பண்ணி சார்ட்டை நீட்டுறான். எரிச்சல் என் பழைய மடத்தனத்து மேல, திட்டு வாங்கினது அவன். டி.எல்.டி பேட்ஜை (நம்ம மேல எவ்ளோ ரேடியேஷன் பட்டுச்சுன்னு அளக்குறது) லெட், அதாவது ஈய ஏப்ரனுக்கு வெளிய குத்துறது மாதிரி சில்லறை விஷயமெல்லாம் இங்க சொல்லப்போறதில்ல, அது செவுத்துலயே எழுதி ஒட்டியிருக்கும். கீழ இருக்கிற ஒவ்வொரு தலைப்பும் புதுசா வர்றவங்க பண்ற ஒரு தப்பு.

கிரேயை ரூபா மாதிரி கூட்டுறது

அப்போ நான் ட்ரெய்னி. தொண்டை கேன்சர் பேஷண்ட் ஒருத்தர், ஒரு நாளைக்கு 2 கிரே (திசு வாங்குற ரேடியேஷன் டோஸோட அளவு), வாரம் 5 நாள், மொத்தம் 33 தடவை. மக வளைகாப்புன்னு ஒரு நாள் வரல. அதுக்கென்ன, மறுநாள் 4 கிரேயா குடுத்துட்டா சரியாப்போச்சுன்னு பென்சில்ல எழுதி கொண்டு போனேன். சீனியர் கத்தல. "இந்த 4 நல்ல திசுவுக்கு எவ்ளோன்னு போட்டுக் காட்டு தம்பி"ன்னு கால்குலேட்டரைத் தள்ளிவிட்டாரு.

போட்டேன். டோஸை ஒரே தடவைல ஏத்தினா திசு எவ்ளோ கூடுதலா அடி வாங்கும்னு சொல்றது ஆல்பா-பீட்டா விகிதம், எண் சின்னதா இருந்தா அடி அதிகம். ட்யூமருக்கு அது 10, லேட்டா ரியாக்ட் ஆகுற நல்ல திசுவுக்கு 3 (இந்த ஆல்பாவுக்கும் ஆல்பா துகளுக்கும் சம்பந்தமே இல்ல, பேர் வச்சவங்களைத்தான் உதைக்கணும்). ஒரே தடவைல குடுக்கிற 4 கிரே, தினசரி 2 கிரே கணக்குல பாத்தா ட்யூமருக்கு 4.7, நல்ல திசுவுக்கு 5.6. அதாவது ட்யூமருக்கு 0.7 கூட கிடைக்கணும்னு பக்கத்துல சும்மா இருந்த குருத்தெலும்பு மேல 1.6 ஏத்தப் பாத்திருக்கேன், அந்த சேதம் அன்னிக்கே தெரியாது, மாசக்கணக்குல சில சமயம் வருஷக்கணக்குல கழிச்சுத்தான் தலையைக் காட்டும்.

காரணம் ரிப்பேர். 1 கிரே எக்ஸ்ரே பட்டா ஒரு செல்லோட டி.என்.ஏல சுமார் 1000 இடத்துல ஒத்தை இழை அறுபடும், ரெண்டு இழையும் சேந்து அறுபடறது 30-40 இடம் தான். ஒத்தை இழை அறுந்தா எதிர் இழையைப் பாத்து செல்லே தச்சுக்கும், மத்ததுலயும் பெரும்பாலானது சில மணி நேரத்துல ஒட்டிடும். ஆனா டோஸை ஒரே மூச்சுல ரெண்டு மடங்காக்கினா அறுந்த முனைங்க ஒரே நேரத்துல பக்கத்து பக்கத்துல நிறைய கிடக்கும், இதோட முனை போய் அதோட ஒட்டிக்கும். விட்டுப்போன நாளை சரிக்கட்டணும்னா சனிக்கிழமை கூப்பிடுங்க, இல்ல ஒரே நாள்ல குறைஞ்சது 6 மணி நேரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை குடுங்க.

எல்லா ரேடியேஷனுக்கும் இதே கணக்கு

மேல சொன்ன ரிப்பேர் சலுகை எக்ஸ்ரே, காமா மாதிரியானதுக்குத்தான். கோபால்ட் காமா ஒரு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தூரத்துல விடுற எனர்ஜி சுமார் 0.2 கேஇவி (எனர்ஜியோட அளவு), ஆல்பா துகள் விடுறது 100 கிட்ட. அறுப்பெல்லாம் ஒரே இடத்துல கொத்தா விழுந்தா செல் எதைப் பாத்து தைக்கும்? நியூட்ரானும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான், டோஸைப் பிரிச்சுக் குடுத்தாலும் நல்ல செல்லுக்கு பெரிய லாபம் கிடையாது. 1938-ல அமெரிக்காவுல பெர்க்லில ராபர்ட் ஸ்டோன்னு ஒரு டாக்டர் சைக்ளோட்ரான் (துகளை வேகமா ஓட்டுற மெஷின்) நியூட்ரானை வச்சு கேன்சர் சிகிச்சை ஆரம்பிச்சாரு, 1948-ல அவரே லேட் பாதிப்பு ரொம்ப மோசம், இதை விட்டுடலாம்னு சொல்லிட்டாரு. பின்னாடி அலசினப்போ தெரிஞ்சது, ஒரே தடவை குடுக்கிற டோஸ்ல எக்ஸ்ரேயை விட நியூட்ரான் எத்தனை மடங்குன்னு பாத்து, அதே மடங்கை சின்னச் சின்ன டோஸுக்கும் போட்டிருக்காங்க. டோஸ் சின்னதாக ஆக எக்ஸ்ரேல நல்ல திசு தப்பிச்சுக்கும், நியூட்ரான்ல தப்பிக்காது, அதனால அந்த மடங்கு ஏறிக்கிட்டே போகும்.

ஆல்பாவை பேப்பரே தடுத்துடுமே

தடுக்கும், வெளிய இருக்கிற வரைக்கும். 1920கள்ல நியூஜெர்சில ரேடியம் பெயிண்ட் வச்சு வாட்ச் டயல் எழுதின பொண்ணுங்க பிரஷ் நுனியை உதட்டுல வச்சு கூராக்கினாங்க. கால்சியம் மாதிரியே ரேடியமும் எலும்புல போய் உக்காந்துக்கும், தாடையே அழுகிப்போச்சு. திசுவுக்குள்ள ஆல்பா ஓடுற தூரம் 40-50 மைக்ரான், சில செல் அகலம் அவ்ளோதான், மொத்த எனர்ஜியும் அதுக்குள்ளயே இறங்கும். சீவர்ட் (உடம்புக்கு வர்ற பாதிப்பையும் சேத்து டோஸை அளக்குற அளவு) கணக்குல அதுக்கு 20 மடங்கு வெயிட் சும்மா குடுக்கல.

பீட்டாவுக்கு நேரா லெட் வைக்கிறது

பீட்டான்னா வேகமா ஓடுற எலக்ட்ரான். அதுக்கு பெர்ஸ்பெக்ஸ் (ஒரு பிளாஸ்டிக் தட்டு) முதல்ல, லெட் அதுக்கு வெளிய. மாத்தி வச்சா நீங்க நிறுத்தின பீட்டாவே எக்ஸ்ரேயா உங்க மேல வரும்.

டிவைட் ஆகுற செல்தான் சாகும்னு மனப்பாடம் பண்றது

லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) டிவைட் ஆகாமலே சாகும், அதுவும் முதல் ஆளா. ரேடியேஷன் ஆக்சிடென்ட் கேஸ் வந்தா டாக்டர் ரத்தத்துல சீக்கிரமே எண்ணிப் பாக்குறது அதைத்தான்.