கண் சிவந்தா வீட்டிலை என்ன செய்யிறது, எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுறது

கண் சிவந்தாலும் சிவக்காட்டிலும் முதல் இதைச் செய்யுங்கோ. ஒரு கண்ணை உள்ளங்கையாலை பொத்திக்கொண்டு சுவரிலை தொங்கிற கலண்டரைப் பாருங்கோ, பேந்து மற்றக் கண்ணைப் பொத்திப் பாருங்கோ, கண்ணாடி போடுறவை போட்டுக்கொண்டே பாக்கலாம். ரெண்டும் ஒரே மாதிரித் தெரியுதோ? எங்கடை அம்மம்மாக்கு வலக்கண் முக்காவாசி போனது அவவுக்கே தெரியாது, நல்ல கண்ணாலை சமாளிச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. குளுக்கோமா எண்டு சொல்லிச்சினம். கண்ணுக்குள்ளை பிறசர் கூடி நரம்பு பழுதாகிற வருத்தம், பெரும்பாலும் நோகாது, சிவக்காது, ஓரப் பார்வைதான் முதல் போகும், போனது திரும்பி வராது, மருந்து விடுறது மிச்சத்தைக் காப்பாத்தத்தான். தொடக்கத்திலை பொத்திப் பாத்தாலும் பிடிபடாது, அதாலை 40 தாண்டினவை, முக்கியமா சொந்தத்துக்குள்ளை ஆருக்கும் இருந்தா, ஒருக்கா போய் கண் பிறசரைப் பாருங்கோ.

கண்ணோய் எண்டா கண் சிவந்து, உறுத்தி, காலமை பீளை ஒட்டிக்கிடக்கும். வைரசாலை வந்தது ஒண்டு ரெண்டு கிழமையிலை தானா மாறும். கொதிச்சாறின தண்ணியிலை பஞ்சை நனைச்சு மூக்குப் பக்கத்திலையிருந்து வெளிப்பக்கமாத் துடையுங்கோ, ஒரு பஞ்சு ஒருதரம்தான். துவாய், தலையணை உறை வேறயா வையுங்கோ, கையை சோப் போட்டுக் கழுவுங்கோ. தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் கண்ணுக்குள்ளை விடவேண்டாம். டொக்டர் எழுதின துண்டு இல்லாமல் பாமசியிலை துளிமருந்தும் வாங்காதேங்கோ, சிலதிலை ஸ்டீரோயிட் இருக்கு, கனநாள் விட்டா பிறசரும் கூடும், கற்றரக்டும் (கண்ணுக்குள்ளை இருக்கிற லென்ஸ் மங்கிற வருத்தம்) வரும்.

ஆனா சிவப்போடை கடும் நோ, பார்வை மங்கல், வெளிச்சம் பாக்கேலாமை, இல்லாட்டி தலையிடி சத்தியோடை லைற்றைச் சுத்தி வளையம் தெரியிறது, இதுகள் எண்டா விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ. சிவக்காமலே திடீரெண்டு மின்னல் மாதிரி அடிச்சு, கறுப்புப் புள்ளி பறந்து, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருந்தாலும் அண்டைக்கே போகோணும். போதனா வைத்தியசாலையிலை கண் பகுதி இருக்கு, காசும் இல்லை.

வெத்திலைச் சுண்ணாம்போ கருப்பநீர் முட்டிக்குப் பூசுறதோ கண்ணிலை பட்டா முதல் கிணத்தடிக்கு ஓடுங்கோ, பிறகுதான் ஓட்டோ. இமையைத் திறந்து பிடிச்சு 20 நிமிசமாவது தண்ணி ஊத்திக் கழுவோணும்.

கற்றரக்டுக்குத் துளிமருந்து இல்லை, ஒப்பரேசன் செய்து லென்ஸ் வைக்கிறதுதான், பயப்பட ஒண்டுமில்லை. சீனி வருத்தக்காரர் வடிவாத் தெரிஞ்சாலும் வருசத்துக்கு ஒருக்கா விழித்திரையைக் காட்டோணும், மருந்து விட்டுப் பாத்தா சில மணித்தியாலம் மங்கலா இருக்கும், மோட்டச்சைக்கிள்ளை தனியப் போகாமல் ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

துளிமருந்து தந்தா, கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு துளி, கண்ணை மூடி மூக்கோடை சேர்ற மூலையை ரெண்டு நிமிசம் அமத்திப் பிடியுங்கோ, ரெண்டு மருந்து எண்டா நடுவிலை அஞ்சு நிமிசம் விடுங்கோ. போத்தில் நுனி கண்ணிலை முட்டப்படாது. உடைச்சு ஒரு மாசமானா மிச்சம் இருந்தாலும் எறியுங்கோ.