நுண்ணறிவை அளக்கத் தனியாள் சோதனையா, குழுச் சோதனையா?

எட்டாம் வகுப்பு மாணவர் நாற்பது பேருக்கும் நுண்ணறிவுச் சோதனை வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டால், வரும் மதிப்பெண்ணை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். வகுப்பின் பொதுநிலையை அறியவோ, மேற்கொண்டு கவனிக்க வேண்டியவர்களைப் பிரித்தெடுக்கவோ மட்டும் என்றால் குழுச் சோதனை போதும். ஒரு குழந்தையின் படிப்போ சான்றிதழோ அந்த எண்ணைப் பொறுத்து அமையும் என்றால், தனியாள் சோதனையைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டும் பிறந்த சூழலும் வேறுதான். பாரிஸ் பள்ளிகளில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதற்காக, 1905இல் பிரெஞ்சு உளவியலாளர்கள் பினேயும் சிமோனும் உருவாக்கிய 30 பணிகள் ஒவ்வொரு குழந்தையையும் எதிரே உட்காரவைத்துச் செய்விப்பவை. 1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, படைக்கு வந்து குவிந்தவர்களை அப்படி அளக்க நேரமில்லை. உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸின் குழு படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆர்மி ஆல்ஃபா என்ற எழுத்துச் சோதனையையும், மற்றவர்களுக்குச் சைகையால் விளக்கப்பட்ட ஆர்மி பீட்டாவையும் தந்து, சுமார் 17 லட்சம் பேரைச் சோதித்தது. பீட்டாவிலும் தேறாதவரைத் தனியே அழைத்துச் சோதிக்க வேண்டும் என்று விதி இருந்தும், அவசரத்தில் அது பலருக்கு நடக்கவில்லை. நம் பள்ளிகளிலும் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாம் படிதான்.

குழுச் சோதனைக்கு ரேவனின் படிநிலை அணிச் சோதனை வசதியானது. ஐந்து தொகுதிகளில் 60 வினாக்கள், எல்லாமே வடிவங்கள் என்பதால் பயிற்றுமொழி அவ்வளவாகக் குறுக்கிடாது. கையேட்டில் உள்ள அறிவுரைகளைச் சொல் மாறாமல் படித்துக்காட்டுங்கள். பிறகு மேசையில் உட்கார்ந்துவிடாமல் வரிசைகளுக்கிடையே நடந்து பாருங்கள். 14ஆம் வினாவைத் தாண்டிய ஒரு மாணவன் 15இன் விடையை 14ஆம் கட்டத்தில் குறித்துவிட்டால், அதன்பின் அவனுக்குத் தெரிந்த விடைகளும் தவறாகவே எண்ணப்படும். கண்ணாடியை மறந்து வந்தவர், காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவர் ஆகியோரின் பெயர்களையும் குறித்துவையுங்கள். விடைத்தாள் இதையெல்லாம் சொல்லாது.

தனியாள் சோதனையில் பார்க்கக் கிடைப்பது இதைவிட மிக அதிகம். 1955இல் வெளிவந்த, இந்திய உளவியலாளர் பாட்டியாவின் செயற்சோதனைத் தொகுப்பில் (சொல்லால் அல்லாமல் செய்கையால் விடை தரும் சோதனைகள்) கட்டைகளை அடுக்கி அட்டையில் உள்ள வடிவத்தை உண்டாக்கும் பகுதி ஒன்று உண்டு. ஒரு சிறுமி ஒவ்வொரு கட்டையையும் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்ப்பாள். இன்னொருத்தி அட்டையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் அடுக்குவாள். இருவரும் ஒரே அளவு நேரத்தில் முடித்தால் மதிப்பெண் ஒன்றுதான், ஆனால் கற்பிப்பவருக்கு வேண்டிய செய்தி அந்த வேறுபாட்டில் இருக்கிறது. இதைப் பயிற்சி பெற்ற உளவியலாளரே நடத்த வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். பழகிப் பேசி அச்சம் நீங்கிய பிறகே தொடங்குவார். விடை சரியா தவறா என்று முகத்திலும் காட்டமாட்டார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்வதும் இதனால்தான், ஏனென்றால் பல அம்மாக்கள் கண்ணாலேயே விடை சொல்லிவிடுவார்கள்.

ஒரே குழந்தைக்குக் குழுச் சோதனையில் 92, தனியாள் சோதனையில் 84 வந்தால் உடனே ஒன்றைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 15, நம்பகக் கெழு (முடிவு எவ்வளவு நிலையானது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண்) 0.91 உள்ள சோதனையில் அளவீட்டுத் திட்டப்பிழை, அதாவது ஒரு மதிப்பெண்ணில் எதிர்பார்க்கக்கூடிய பிழையளவு, 4.5 வரும், இருபுறமும் அதன் இருமடங்கை விட்டு 84 என்பதை ஏறத்தாழ 75 முதல் 93 வரையிலான வீச்சாகவே படிக்க வேண்டும். அடுத்து, நெறிமங்கள் (மதிப்பெண்ணை ஒப்பிட உதவும், முன்பு பலரைச் சோதித்துப் பெற்ற அளவுகள்) எந்த ஆண்டில், யாரை வைத்து வகுக்கப்பட்டவை என்று பாருங்கள். பழைய நெறிமங்கள் மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டும். ஒன்று வடிவங்களை மட்டும் கேட்பதும் மற்றொன்று சொல்வளத்தையும் கேட்பதும் கூட இந்த இடைவெளிக்குக் காரணமாகலாம். இவற்றைச் சரிபார்த்த பிறகும் இடைவெளி நின்றால், குழந்தையின் தாய்மொழியில் முறையாக நடந்த தனியாள் சோதனையின் முடிவுக்கே முன்னுரிமை தந்து, சோதனையின் பெயர், நடத்திய மொழி, நாள், நெறிம ஆண்டு ஆகியவற்றை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.