கன்வெர்ட் செய்த வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கல்யாண டிவிடியை எம்பி4 ஆக்கி, பென் டிரைவில் போட்டு டிவியில் ஓட்டினால் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வெட்டி வெட்டி நகர்கிறது. உடனே பலரும் அந்த எம்பி4 ஃபைலையே எடுத்து, பிட்ரேட்டை (ஒரு வினாடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டாவின் அளவு) ஏற்றி மறுபடி கன்வெர்ட் செய்கிறார்கள். பிட்ரேட் படத்தின் தெளிவைக் கூட்டும். அசைவை அது சரிசெய்யாது. ரொம்ப ஏற்றினால் டிவி இன்னும் திணறும். முதல் தடவை தொலைந்த ஃபிரேம் (வீடியோவில் வரிசையாக ஓடும் படங்களில் ஒன்று) இரண்டாம் தடவையில் திரும்பியும் வராது. டிவிடியில் இருக்கும் விஓபி (அசல் வீடியோ) ஃபைல்களை அப்படியே காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

கோளாறு ஃபைலிலா, டிவியிலா என்று பார்க்காமல் செட்டிங்ஸைத் திருகுவது அடுத்த தவறு. ஃபைலைக் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ ப்ளேயரில் திறந்து, ஆட்கள் நடந்துபோகும் ஓர் இடத்தில் நிறுத்தி, கீபோர்டில் ஆங்கில ‘இ’ (E) எழுத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம் நகரும். ஐந்து தட்டுக்கு ஆள் நகர்ந்து, ஆறாவதில் படம் அசையாமல் நின்று, மறுபடி ஐந்து தட்டுக்கு நகர்ந்தால் பழுது ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. 25 ஃபிரேமை 30 ஆக மாற்றியதன் கைரேகை அது.

பழைய டிவி, கேசட், டிவிடிகளுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் பால் (PAL) முறை. வினாடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்காவிலும் கனடாவிலும் என்டிஎஸ்சி (NTSC) முறை, 29.97 ஃபிரேம். பல கன்வெர்ட்டர்கள் யாரையும் கேட்காமல் 30 என்று வைத்துக்கொள்ளும். குறையும் ஐந்து ஃபிரேமுக்கு எங்கே போவது? இருப்பதில் சிலவற்றை இரண்டு முறை காட்டிவிடும். ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. கேமரா பந்தலைச் சுற்றி வரும்போது குட்டு உடைந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச கன்வெர்ட்டரில் ஃபிரேம் ரேட் என்ற இடத்தில் ‘சேம் அஸ் சோர்ஸ்’ என்று தேர்ந்தெடுத்தால் போதும். அதிலுள்ள ரெடிமேட் ப்ரீசெட் பலவற்றின் பெயர் 30 என்று முடியும், அது உச்சவரம்பு. 25 ஃபிரேம் ஃபைலை அது ஒன்றும் செய்யாது, ஆனால் 50 ஃபிரேமில் எடுத்ததை முப்பதுக்கு வெட்டும்போது நடை கெட்டுப்போகும். டொரண்டோவில் சித்தப்பா எடுத்த கேசட்டையும் சென்னை கேசட்டையும் ஒரே ஃபைலாக ஒட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். தனித்தனியாக இருக்கட்டும்.

கல்யாண டிவிடிக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு: இன்டர்லேஸ். அந்தக் கால கேமரா ஒரு ஃபிரேமை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாக, சற்று முன்பின் நேரத்தில் எடுக்கும். வினாடிக்கு 50 பாதிகள். கை வீசும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். டீஇன்டர்லேஸ் செய்யாமல், அதாவது அந்தப் பாதிகளை முழு ஃபிரேமாக மாற்றாமல், கன்வெர்ட் செய்தால் அந்தக் கோடுகள் படத்தோடு ஒட்டிவிடும். சாதாரணமாக டீஇன்டர்லேஸ் செய்தால் 25 ஃபிரேம்தான் மிஞ்சும், அசைவில் பாதி போய்விடும். நான் எப்போதும் ஒவ்வொரு பாதியையும் தனி ஃபிரேமாக ஆக்கும் ‘பாப்’ (Bob) வகையைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட்டை 50 என்று கொடுப்பேன். ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், போகட்டும்; நாதஸ்வரக்காரர் விரல் ஓடுவது சீராகத் தெரியும். ஆட்கள் ஓரடி முன்னே போய் அரையடி பின்னே வருவது போல நடுங்கினால், எந்தப் பாதி முதலில் என்பது மாறிவிட்டது என்று அர்த்தம். மினிடிவி (MiniDV) கேசட்டில் கீழ்ப்பாதி, அதாவது இரட்டைப்படை வரிகள், முதலில். ஹெச்டி கேமராக்களில் பொதுவாக மேல்பாதி, அதாவது ஒற்றைப்படை வரிகள், முதலில்.

செல்போன் வீடியோவுக்குக் கதை வேறு. வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் ஃபிரேம் ரேட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு இது பிடிக்காது, போகப்போகக் குரலும் உதடும் பிரிந்துவிடும். வீடியோவின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ சாஃப்ட்வேரில் திறந்து ஃபிரேம் ரேட் மோட் ‘வேரியபிள்’ (மாறிக்கொண்டே இருப்பது) என்று காட்டினால், எடிட் செய்வதற்கு முன்பே ‘கான்ஸ்டன்ட்’ (மாறாதது) ஆக மாற்றிவிடுங்கள்.

விஎல்சியில் தட்டிப் பார்த்து எல்லா ஃபிரேமும் ஒழுங்காக நகர்ந்தால் டிவியைச் சந்தேகப்படலாம். சைஸ் குறையுமே என்று, வீடியோவைச் சுருக்கும் முறைகளில் புதிய ஹெச்265-ஐத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். பழைய டிவியின் சிப்புக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. அதற்கு முந்தைய ஹெச்264 முறையிலும் 10 பிட் (நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் வகை) என்றால் அநேகமாக எந்த டிவியும் கையை விரிக்கும். 8 பிட் ஹெச்264 தான் எங்கேயும் ஓடும். அப்புறம் ஒன்று: எம்கேவி ஃபைலுக்குள் (எம்பி4 போல இதுவும் வீடியோவை வைக்கும் ஓர் உறை) ஏற்கெனவே ஹெச்264 இருந்து, டிவி எம்பி4 மட்டும்தான் கேட்கிறது என்றால், கன்வெர்ட்டே தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச சாஃப்ட்வேரில் ‘காப்பி’ என்று கொடுத்தால் உறை மட்டும் மாறும். ஒரு முழுப் படம்கூட ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரு ஃபிரேமும் கெடாது.