விண்டோஸ் 7-இல் காணாமல் போன வசதியைத் திரும்பக் கொண்டு வருவது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் மாமாவின் திருமண அட்டைக் கடையில் இன்னும் விண்டோஸ் 7 தான். புதுக் கணினி வாங்கித் தருகிறேன் என்றாலும் கேட்க மாட்டார், அவருடைய பழைய பிரின்டருக்கும் எழுத்துருக்களுக்கும் வேறு எதுவும் ஒத்துவராதாம். போன மாதம் ஸ்கேன் எடுக்கும் வசதி, அதாவது 'ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்', மெனுவில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. உங்களிடமும் இப்படி ஒரு மெஷின் இருந்தால் படியுங்கள்.

முதலில் எதையும் தொடாதீர்கள். டிசைன், பில், படம் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். அப்புறம் 'கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், சிஸ்டம் புரொடெக்‌ஷன் போய் ஒரு ரீஸ்டோர் பாயின்ட், அதாவது விண்டோஸ் இப்போது இருக்கும் நிலையின் பதிவு, உருவாக்குங்கள். அது விண்டோஸைத்தான் பின்னுக்குக் கொண்டு போகும், அழிந்த அட்டை டிசைனைத் தராது, அதனால் இரண்டும் வேண்டும். இன்டர்நெட் கேபிளையும் கழற்றுங்கள், 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு இதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. இன்னொன்று, நம்ம ஊரில் சாயங்காலம் இடி மழை எப்போது கரெண்டைப் பிடுங்கும் என்று சொல்ல முடியாது, காலையிலேயே வேலையை ஆரம்பியுங்கள்.

இப்போது கன்ட்ரோல் பேனல், புரோகிராம்ஸ், 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்'. பல நேரம் யாரோ டிக்கை எடுத்துவிட்டிருப்பார்கள், அவ்வளவுதான் விஷயம். டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

மாமாவுக்கு அந்தப் பட்டியலே வெள்ளையாக, காலியாக வந்தது. அப்படியென்றால் வசதி அணைக்கப்படவில்லை, விண்டோஸின் உள்பாகமே கெட்டிருக்கிறது. கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் என்று ஆங்கில எழுத்தில் (sfc /scannow) அடியுங்கள், இது கெட்ட விண்டோஸ் கோப்புகளைத் தேடிச் சரிசெய்யும். எல்லாம் சரியானது என்று வந்தால் ரீஸ்டார்ட் செய்து பட்டியலைப் பாருங்கள். சிலதைச் சரிசெய்ய முடியவில்லை என்று வந்தால், ரீஸ்டார்ட் செய்து இன்னும் ஓரிரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லையா? விண்டோஸ் 10-க்குச் சொல்லும் டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த் கட்டளையை இங்கே அடிக்காதீர்கள், 7-க்கு அது தெரியாது, 87 என்று எர்ரர் காட்டும். இதற்கு இருப்பது விண்டோஸின் கெட்ட உள்பாகத்தைச் சரிசெய்யும் 'சிஸ்டம் அப்டேட் ரெடினெஸ் டூல்', எண் கேபி947821 (KB947821). வேறொரு கணினியில் மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்கி பென்டிரைவில் கொண்டு வாருங்கள், 32 பிட்டா 64 பிட்டா பார்த்து. ஓட்டினால் சும்மா அப்டேட் ஏறுவது போல வெகுநேரம் அப்படியே நிற்கும், பொறுங்கள், ஆஃப் செய்துவிடாதீர்கள். என்ன கெட்டிருந்தது என்பது விண்டோஸ் ஃபோல்டரில் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ், அதில் செக்சர் (CheckSUR) என்ற கோப்பில் எழுதியிருக்கும். மாமா மெஷின் இதில்தான் வழிக்கு வந்தது. பட்டியல் திரும்ப வந்ததும் 'பிரின்ட் அண்ட் டாக்குமென்ட் சர்வீசஸ்' என்பதற்குக் கீழே இருந்த ஸ்கேனுக்கு டிக் போட்டேன்.

கூகுளில் தேடி டிஎல்எல் என்ற விண்டோஸ் உள்கோப்பை எங்கிருந்தோ இறக்கிப் போடுவதும், விண்டோஸ் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்கிறேன் என்னும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டுவதும் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை என் பழைய லேப்டாப்பை ஒரு கடையில் ஃபார்மேட் செய்யக் கொடுத்தேன், அவர்கள் 'லைட்' என்று ஆட்கள் வெட்டிக் குறைத்த விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் வசதிகள் கெடவில்லை, அடியோடு நீக்கப்பட்டிருந்தன, எஸ்எஃப்சியை எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்படிப்பட்ட மெஷினுக்கு ஒரிஜினல் டிஸ்க் வைத்துச் சுத்தமாகப் போடுவதுதான் வழி.

உங்களுடையது ஒரிஜினல்தான், ஆனாலும் மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை என்றால், அதே பதிப்பு, அதே மொழி, அதே பிட், அதே சர்வீஸ் பேக் உள்ள டிஸ்க்கை, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டு செட்டப்பில் 'அப்கிரேட்' தேர்ந்தெடுங்கள். புரோகிராம்கள் அப்படியே இருக்கும். 'கஸ்டம்' அழுத்தினால் எல்லா மென்பொருளையும் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டி வரும்.

சரியானதும் அன்றைக்கே 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' போய் வெளி டிஸ்க்கில் சிஸ்டம் இமேஜ், அதாவது விண்டோஸ் முழுவதற்குமான அச்சு நகல், எடுத்துவிடுங்கள். மாமாவுடைய டிஸ்க் இப்போது கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது.