கண்மாய்க் கரைக் காவல்: பேரிடர்க் குழுவில் சேர்பவர்களுக்கு

செட்டிநாட்டுக் கண்மாய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடர்ந்து கிடப்பவை. மேல் கண்மாய் உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாயில் மோதி அதையும் உடைக்கும். அதனால் இங்கே தன்னார்வலர் செய்யும் வேலைகளில் முதன்மையானது கரைக் காவல்தான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். 18 முதல் 40 வயதுக்குள் இருந்தால், பேரிடர்த் தன்னார்வலர்களுக்கான அரசின் ஆப்த மித்ரா திட்டத்தில் இப்போது பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள்.

மழைக்கு முன் கரை முழுவதும் நடந்து பாருங்கள். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன கருவேலத்தின் வேர் மட்கிய ஓட்டை இவற்றில்தான் உடைப்பு பிறக்கிறது. கண்மாய் நிறைந்ததும் மிகை நீர் வழிந்து வெளியேறும் கலுங்கில் சிக்கிய செடி கொடிகளை அகற்றுங்கள். கூடுதலாகத் தேக்கும் ஆசையில் கலுங்கின் மேல் மூட்டை அடுக்க யார் வந்தாலும் விடாதீர்கள். போக வழியில்லாத தண்ணீர் கரைமேல் ஏறி வழியும். மண்கரை அதை வெகுநேரம் தாங்காது.

காலி உரச் சாக்குகளில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் மண் போடுங்கள். நிறையத் திணித்த மூட்டை உருண்டையாகி, அடுக்கும்போது சந்து விடும். செங்கல் கட்டுவதுபோல் கீழ்வரிசை இணைப்பின் மேல் அடுத்த மூட்டை உட்கார வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் மிதித்து இறுக்குங்கள். அவசரத்தில் பலரும் கரையின் அடியிலேயே மண்ணை வெட்டுகிறார்கள். அது கரையையே பலவீனமாக்கும்.

இரவுக் காவலுக்கு இருவராகப் போங்கள்: டார்ச், கம்பு, விசில். தண்ணீர் நிற்கும் பக்கத்தைவிட வெளிச்சரிவின் அடிவாரத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். கசிவு தெளிவாக இருந்தால் குச்சி நட்டு அடையாளம் வைத்து, திரும்பத் திரும்ப வந்து பாருங்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். உடனே மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்குச் சொல்லிவிட்டு, ஊற்றைச் சுற்றி மூட்டைகளை வட்டமாக அடுக்கி உயர்த்துங்கள். உள்ளே தேங்கும் நீரின் எதிரழுத்தத்தால் மண் வருவது நிற்கும். தெளிந்த நீர் வழிய ஒரு வாய் விடுங்கள். ஊற்றின் மேலேயே மூட்டையைப் போட்டு அமுக்கினால் தண்ணீர் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பும். கரை உள்வாங்கவோ வெடிப்பு விரியவோ தொடங்கினால் எல்லாவற்றையும் விட்டு இறங்கிவிடுங்கள். கீழே குடியிருப்பவர்களை எழுப்புவதுதான் அடுத்த வேலை.

ஊருக்குள், பெரிய வீடுகளில் தனியே இருக்கும் முதியவர்கள், பூட்டிய வீடுகளின் சாவி வைத்திருப்பவர்கள் பட்டியல் கையில் இருக்கட்டும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முன்வாசலில் தட்டிப் பதில் இல்லையென்றால் பின்கட்டு வழியாகவும் போய்ப் பார்க்க வேண்டும்.