மா ஒட்டுக்கட்டும் முன் இலையைக் கிள்ளிவிடுங்கள்

மாமரத்தில் ஒட்டுக்குச்சி (கன்றின் மேல் பொருத்தி ஒட்டும் கிளைத்துண்டு) வெட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே, தேர்ந்தெடுத்த கிளை நுனியின் இலைகளை நறுக்கிவிடுங்கள். இலைக்காம்பு மட்டும் குச்சியில் இருக்கட்டும், கிளையை மரத்திலேயே விட்டுவையுங்கள். காம்புகள் தொட்டதும் உதிர்ந்து, நுனிமொட்டு பருத்திருந்தால் குச்சி தயார்.

இலை போனதும் மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. ஒட்டியபின் சீக்கிரம் துளிர்க்கும். வெட்டிய குச்சிக்கு வேரிலிருந்து தண்ணீர் வராது. அதில் இலையும் இருந்தால், ஒட்டு கூடுவதற்குள் ஈரத்தையெல்லாம் வெளியே விட்டுக் காய்ந்துவிடும். ஒட்டு கருகுவதற்குக் கத்தியையும் கைராசியையும் குறை சொல்கிறார்கள்; பல நேரம் காரணம் இதுதான். ஒட்டியதும் சிப்அப் ஐஸ் கவர் (நீளமான மெல்லிய பிளாஸ்டிக் உறை) ஒன்றைக் குச்சியின் மேல் கவிழ்த்துக் கட்டினால் ஈரம் இன்னும் நிற்கும். துளிர் விட்டதும் கழற்றிவிடவும்.

பூ வந்த கிளைக்கும், இளஞ்சிவப்புக் கொழுந்துக்கும் இது உதவாது. 3, 4 மாதம் முற்றிய, பென்சில் பருமனுள்ள கிளைதான் வேண்டும். கன்றுத் தொட்டியை மரத்தருகே கட்டி, கிளையை வெட்டாமலே ஒட்டும் முறைக்கு இது தேவையில்லை. கொடைக்கானல் பேரிக்கும் அப்படித்தான், குளிர்காலத்தில் அதுவே இலையை உதிர்த்துவிடும்.